வலதுபக்கத்து வாத்துகள்

வாத்துகள். கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்து மறுபடியும் மாட்டிக்கொண்டு பார்க்கிறேன். அப்போதும் அவை வாத்துகளாகவே இருக்கின்றன. வெள்ளைத் திரையின்மேல் கழுத்தை முன்னும் பின்னும் ஆட்டியபடி, வரிசை குலையாமல் நடந்து வருகின்றன. அவற்றின் பின்னால், நுனியில் துணி கட்டிய நீண்ட கழியோடு ஒரு நிழல் மனிதன். அவன் மேய்ப்பனாம். கடைசி நாளில் அரசர் வந்து சிங்காசனத்தில் அமர்ந்து, மேய்ப்பன் செம்மறியாடுகளையும் வெள்ளாடுகளையும் பிரிப்பதுபோல மனுக்குலத்தை இரண்டாகப் பிரிப்பார் என்னும் வேதப்பகுதியை இன்று மாலை இந்த வேதக்கோயில் முற்றத்தில் நிழற்கூத்தாக நடத்தப் போகிறார்கள் என்று சொன்னதால்தான், அதற்காக மட்டுந்தான், இந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் முதுகு சாயாமல் அமர்ந்திருக்கிறேன். ஆடுகள் எங்கே என்று பக்கத்தில் இருக்கும் என் மகன் ஆசீரைக் கேட்கிறேன். "இந்த ஊர்ல செம்மறியாட்டை யாரும் பாத்ததில்லம்மா. வயக்காட்டுல வாத்து மேய்க்கிறவன்தான் இங்க மேய்ப்பன்." அப்படியானால் வெள்ளாடு? "கோழி" என்கிறான், முகத்தில் சலனமே இல்லாமல். "வாத்து காட்டின வழியில போகும். கோழி எங்க போகும்? இங்க உள்ளவங்களுக்கு அதை விளக்கவே வேண்டாம்." எனக்கு விளக்கவேண்டியிருக்கிறது. கல்லூரியில் தமிழும் ஞாயிற்றுக்கிழமைகளில் வேதமும் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். ஒரு சொல் இருந்த இடத்தில் இன்னொரு சொல்லை வைத்தால் பொருள் எந்த மூலையில் கசியத் தொடங்கும் என்பது பார்க்காமலே எனக்குத் தெரியும். நியாயத்தீர்ப்பில் கோழி. இதைப் பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோய் யாரிடம் சொல்வேன்? சொன்னால் யார் நம்புவார்கள்? நம்பினால் அது இன்னும் மோசம். உன் மகன் பெண்ணெடுக்கப் போவது அந்தக் குடும்பத்திலா என்று அடுத்த கேள்வி வரும்.

மடியில் கைப்பை. அதற்குள் வெந்நீர்க் குடுவை, பாதிக்குமேல் தீர்ந்துபோன பிஸ்கட் பொட்டலம், நாளைக் காலை விமானத்துக்கான சீட்டுகள். ஒன்று எனக்கு, ஒன்று ஆசீருக்கு. பெண் வீட்டில் சம்பந்தம் முடிவாகும்வரை கை நனைப்பதில்லை என்பது எங்கள் பக்கத்து வழக்கம்; ஒரு வாய் காப்பி உள்ளே போய்விட்டாலும் சம்மதம் என்றே கொள்வார்கள். நேற்று இந்த பாலித் தீவின் மேற்குக் கோடிக் கிராமத்தில், இவர்கள் வீட்டு வாசலில் வந்து இறங்கியது முதல் இவர்கள் அடுப்பிலிருந்து இறங்கிய எதையும் நான் தொடவில்லை. ஆசீர் இங்கே படகுத்துறையில் எஞ்சின் பார்ப்பவன். திரைக்குப் பின்னால் அமர்ந்து பொம்மை ஆட்டிக்கொண்டிருக்கும் பாக் மாதேயின் மகள் கோமாங்கைக் கட்டிக்கொள்ள விரும்புகிறான். "ஒரு தடவ வந்து பாருங்கம்மா. பாத்துட்டு நீங்க வேண்டாம்னு சொன்னா, உங்ககூடவே கெளம்பி வந்துருதேன். மறுபேச்சு கெடையாது" என்று தொலைபேசியில் சொன்னான். சொன்னால் செய்வான், அப்படித்தான் அவனை வளர்த்திருக்கிறேன். வாக்குக் கொடுத்தவன் கெஞ்சவுமில்லை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவுமில்லை. நேற்றிலிருந்து என் பெட்டியைத் தூக்குகிறான், எனக்கு மொழிபெயர்க்கிறான், காத்திருக்கிறான். கூத்து முடியட்டும், சொல்கிறேன் என்றேன். வேண்டாம் என்னும் சொல் நேற்றே என் நாக்கின் அடியில் வந்து உட்கார்ந்துவிட்டது. ஆனால் காரணமில்லாமல் ஒரு சொல்லைச் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. பெண் குறையில்லாதவள், படித்தவள், பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறாள், ஞானஸ்நானம் பெற்றவள். கோமாங் என்றால் மூன்றாவதாகப் பிறந்தவள் என்று பொருளாம். பெயரா அது, வரிசை எண். ஆனால் பெயரை ஒரு காரணமாகச் சொல்ல எனக்கே கூசுகிறது. இன்று மத்தியானம் என் அறைக் கதவைத் தட்டினாள். வெளியே நின்று, "அத்தை, சோறு" என்றாள். தமிழில். அத்தை. அந்த முறையை அவளுக்கு யார் கொடுத்தது? நான் கொடுக்கவில்லை. நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று படி தவறினாற்போல் இருந்தது. கட்டிலிலிருந்து எழாமலே வேண்டாம் என்றேன். காலடி ஓசை உடனே விலகவில்லை. தேங்காயெண்ணெயில் பொரித்த மீனின் வாசனை கதவின் இடுக்கு வழியே உள்ளே வந்து, அவள் போன பிறகும் போகாமல் அங்கேயே நின்றது. நான் இரண்டு பிஸ்கட்டுகளை வெந்நீரில் நனைத்து விழுங்கினேன். அவை நாக்கில் நனைந்த காகிதம்போலக் கரைந்தன.

வெண்கலச் சட்டங்களைச் சிறு சுத்திகளால் தட்டும் நால்வரும் சட்டென்று கை ஓய்கிறார்கள். திரையின் நடுவில் இலை வடிவாக வெட்டிய ஒரு பெரிய தோல் மரம். அரசருக்கு இவர்கள் உருவம் வெட்டவில்லை. மரத்தின் பின்னாலிருந்து குரல் மட்டும் வருகிறது, அதுவும் இந்தச் சனங்களுக்கே புரியாத பழைய மொழியில். இதை மட்டும் என்னால் குறைசொல்ல முடியவில்லை. உயர்ந்தது உயர்ந்த மொழியில் பேசட்டும். ஆனால் பேசிய கையோடு, பெருத்த வயிறும் தொங்கும் கன்னமுமாக ஒரு வேலைக்காரன் வந்து நின்று அதை ஊர்ப்பேச்சில் விளக்குகிறான். பெரியவர்களின் நிழலுக்கு வாய் அசைவதில்லை. வேலைக்காரர்களின் தாடையில் மட்டும் கயிறு கட்டியிருக்கிறது, அது படபடவென்று அடித்துக்கொள்கிறது. அரசர் ஒரு வாக்கியம் சொன்னால் அவன் ஒன்பது சொல்கிறான், முற்றம் முழுவதும் சிரிக்கிறது. நியாயத்தீர்ப்பு நாளில் சிரிப்பு. இந்தச் சிரிப்பு ஓர் ஊசியைப்போல என் காதுக்குள் நின்றுவிட்டது. பிடுங்கப் பார்க்கிறேன், இன்னும் உள்ளே போகிறது. என்னடா சொல்கிறான் அந்த வயிறன்? "ராசா சொல்லுதாரு, எனக்குப் பசிச்சப்ப நீங்க சோறு போட்டீங்கன்னு. வாத்துகளுக்கு ஒண்ணும் விளங்கல. 'ஐயா, இதுக முழிக்குதுக. எப்பப் போட்டோம், எங்க போட்டோம், ஒரு ஞாபகமும் இல்லையாம்' அப்படிங்கான்." வலமிருந்து ஒல்லியான இன்னொரு வேலைக்காரன் துள்ளி வருகிறான், கூர்மூக்கும் பிதுங்கிய கண்ணுமாக. இவன் கோழிகளின் ஆள். "இவன் சொல்லுதான், 'எங்க கோழிகளப் பாருங்க. அதுக யாருக்கு என்ன போட்டோம்னு வருசம் தேதியோட சொல்லும். ஒரு நெல்லக்கூட மறக்காது.'" மறுபடியும் சிரிப்பு. ஆசீரும் சிரிக்கிறான். நான் சிரிக்கவில்லை. என் வீட்டுப் பின்கட்டில் தங்க வைத்துப் படிக்கவைத்த பெண்கள் எனக்கு ஞாபகத்தில் இருக்கிறார்கள், ஒவ்வொருத்தியும், எவள் எந்த வருடம், எவள் நன்றி சொன்னாள், எவள் சொல்லாமல் போனாள் என்பது வரைக்கும். ஞாபகம் வைத்திருப்பது குற்றமா? ஞாபகம் என்பது ஒழுங்கு. இதை யாரிடம் வாதிட்டுக்கொண்டிருக்கிறேன்? ஒரு மாட்டுத்தோல் துண்டோடு.

தேங்காயெண்ணெய் விளக்கின் வாசனை. மத்தியான மீனும் இதே எண்ணெயில்தான் பொரிந்திருக்கவேண்டும். வாயில் நீரூறுகிறது, அதைக் கண்டிப்போடு விழுங்குகிறேன். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று ஆசீரின் அப்பாவைப் பெற்ற அம்மா இப்படித்தான் முதுகு சாயாமல் அமர்ந்திருந்தார். முன்னால் என் தாய் வைத்த காப்பி. அதில் மெல்ல ஆடை படிந்தது. அந்த ஆடையில் ஒரு சுருக்கம் விழுந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன், ஏனென்றால் அந்த அம்மையாரின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வேதத்தின் சங்கீதப் புத்தகத்திலிருந்து ஒன்றைச் சொல்லச் சொன்னார். சொன்னேன், ஓர் எழுத்தும் பிசகாமல். பிறகு அந்த ஆறிப்போன காப்பியை, ஆடையோடு, ஒரே மூச்சில் குடித்தார். அந்தத் தொண்டை இறங்கியதைத்தான் என் திருமணம் என்று நினைக்கிறேன். கோயிலில் நடந்தது அதற்குப் பிற்பாடு. சொல்லும்போது ஓரெழுத்து பிசகியிருந்தால்? காப்பி அப்படியே இருந்திருக்கும், ஆசீர் இல்லை. கதவுக்கு வெளியே நின்ற காலடிக்கு நான் ஒரு சங்கீதமும் சொல்லச் சொல்லவில்லையே. சொல்லச் சொல்லியிருந்தால் சொல்லியிருப்பாளோ? எந்த மொழியில்? சரி, அவன் என்னோடு வந்துவிடுவான் என்று வைத்துக்கொள்வோம். நாளை மறுநாள் மாலை பாளையங்கோட்டை வீட்டில் விளக்குப் போடுவேன், அவன் கூடத்தில் அமர்ந்திருப்பான், நான் கேட்பதற்கெல்லாம் சரி அம்மா, ஆகட்டும் அம்மா என்பான், சாப்பிடுவான், கையைக் கழுவுவான். கழுவிய கையை எங்கே துடைப்பது என்று தெரியாமல் நிற்பவன்போல நிற்பான், வருடக்கணக்கில். அப்படி அவனைச் சிறையில் வைத்தவளுக்கும் சிறைக்கும் என்ன வேறுபாடு? போதும். இப்படி எண்ணம் வழுக்கிக்கொண்டே போவதற்குக் காரணம் வெறும் வயிறு. திரையைப் பார்.

திரையைப் பார்க்கிறேன். அரசர் பிரித்துவிட்டார், வாத்துகள் எல்லாம் ஒருபக்கம், கோழிகள் எல்லாம் மறுபக்கம், நடுவில் மரம். வாத்துகள் இடப்பக்கத்தில் இருக்கின்றன. இடப்பக்கத்தில். கோழிகள் வலப்பக்கத்தில், என் நாற்காலிக்கு நேர் எதிரே, மார்பை நிமிர்த்திக்கொண்டு. ஞாயிறு பள்ளியின் கடைசிப் பெஞ்சில் இருக்கும் பிள்ளைக்கும் தெரியும்: ஏற்றுக்கொள்ளப்பட்டவர்கள் வலது, தள்ளப்பட்டவர்கள் இடது. ஆட்டை வாத்தாக்கினார்கள், பொறுத்தேன். அரசரின் வார்த்தையை ஒரு கோமாளியின் வாயில் போட்டார்கள், பொறுத்தேன். இது அப்படியல்ல. இது மீட்பையும் அழிவையும் இடம் மாற்றுவது. இத்தனை பேர், பெரியவர்கள், போதகர் உட்பட, பார்த்துக்கொண்டு அமர்ந்திருக்கிறார்கள், ஒருவர் புருவமும் உயரவில்லை. பாக் மாதேயுடையது தலைமுறைகளாகப் பொம்மை ஆட்டிய கையாம். இவருடைய அப்பா ஞானஸ்நானம் பெற்ற அன்று பூட்டிய பொம்மைப் பெட்டியை இவர் வேதத்துக்காகத் திறந்தாராம். நேற்று எவ்வளவு பெருமையாகச் சொன்னார்கள். வலது எது இடது எது என்று தெரியாத வீடு. அதிர்ச்சியின் அடியில், மிக அடியில், ஒரு நிம்மதி அசைவதையும் உணர்கிறேன்: காரணம் கிடைத்துவிட்டது. அந்த நிம்மதியைக் கண்டு அதிர்ச்சி இன்னும் ஒரு மடங்கு கூடுகிறது. எழுந்து நிற்கிறேன். "எங்கம்மா?" என்கிறான் ஆசீர். "இடம் மாறிக் கிடக்கிறது. அவரிடம் சொல்லிவிட்டு வருகிறேன்." "நடுக்கூத்துலயா?" "பிழைக்கு நடு, முடிவு என்று ஒன்றும் கிடையாது." அவன் திரையைப் பார்க்கிறான், என்னைப் பார்க்கிறான். தடுக்கவேண்டியவன் தடுக்கவில்லை. "போய்ப் பாருங்கம்மா" என்கிறான், மிகப் பணிவாக. அந்தப் பணிவு எனக்குப் பிடிக்கவில்லை. கைப்பையை நாற்காலியில் வைத்துவிட்டு, வலப்பக்கமாக, கோழிகளின் ஓரமாகவே நடக்கிறேன். மூங்கில் கம்பம், இழுத்துக் கட்டிய கயிறு, அதைத் தாண்டிக் கால் வைக்கிறேன். யாரும் ஆச்சரியப்படவில்லை. கூத்தின் நடுவே பின்பக்கம் வருவது இங்கே வழக்கம்போலும். இரண்டு கிழவர்கள் அங்கே முன்னமே குந்தி அமர்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருக்கிறார்கள்.

முதலில் நிறம். அந்தப் பக்கம் கறுப்பாக இருந்தது எல்லாம் இந்தப் பக்கம் சிவப்பும் பொன்னும் பச்சையுமாக இருக்கிறது. நிழலில் ஓட்டைகளாகத் தெரிந்தவை சிறகின் ஒவ்வோர் இறகாக உளியால் வெட்டப்பட்டவை. இதை முன்னால் இருப்பவர்கள் ஒருவரும் பார்ப்பதில்லையே, யாருக்காக வண்ணம் தீட்டினார்? பாக் மாதே சம்மணமிட்டிருக்கிறார். விளக்கு அவர் நெற்றிக்கு நேரே தொங்குகிறது, வியர்வையில் முகம் எண்ணெய் பூசினாற்போல் மின்னுகிறது, கால்விரல்களுக்கு நடுவே ஒரு மரக்கட்டையைப் பிடித்துப் பெட்டியை டக்டக்கென்று தட்டுகிறார். அவர் தோளுக்கு மேலாகத் திரையைப் பார்க்கிறேன். சொல்லவேண்டிய வாக்கியம் என் வாயில் தயாராக இருக்கிறது. திரையில் வாத்துகள் வலப்பக்கம் இருக்கின்றன. கோழிகள் இடப்பக்கம். யாரும் எதையும் மாற்றவில்லை, நான்தான் சுற்றிவந்திருக்கிறேன். அவருடைய வலது கை உயர்கிறது, வாத்துகள் தலையாட்டுகின்றன. வலது என்றால் அரசரின் வலது. அரசருக்கு எதிரே நிற்பவளுக்கு அது இடதாகத்தானே தெரியும். இவ்வளவுதான். இவ்வளவு சின்னது. உடனே வருகிறது அந்தக் கரும்பலகை, யாரும் கூப்பிடாமல், ஞாயிறு பள்ளியின் அந்தக் கரும்பலகை, வருடாவருடம் நான் சுண்ணாம்புக்கட்டியால் வரைந்த படம்: நடுவில் சிங்காசனம், அதில் பிள்ளைகளைப் பார்த்து அமர்ந்திருக்கும் அரசர், பலகையின் வலது ஓரத்தில் செம்மறியாடுகள், இடது ஓரத்தில் வெள்ளாடுகள். பலகையின் வலது. என் வலது. பிள்ளைகளைப் பார்த்திருக்கும் அரசருக்கு அது இடது. எத்தனை வருடங்கள் நான் செம்மறியாடுகளை அவருடைய இடது கையில் கொண்டுபோய் நிறுத்தினேன்? ஒரு பிள்ளையும் கேட்கவில்லை. கேட்கும்படி நான் வைத்திருக்கவில்லை. நான் எங்கே நின்றாலும் என் வலதுதான் வலது. நான் நிற்பது பாக் மாதேயின் இடப்பக்கம், கோழிகளின் பக்கம் என்பதை இப்போதுதான் கவனிக்கிறேன். கீழே, பாயில், கோமாங்.

தகப்பனுக்குப் பொம்மை எடுத்துக் கொடுக்க அவள் இடப்பக்கம் அமர்ந்திருக்கிறாள். என்னைப் பார்க்கிறாள். சிரிக்கவில்லை, பதறி எழவும் இல்லை. பாயில் பரப்பியிருந்த கோழிகளைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டு, ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு நகர்கிறாள். அவ்வளவுதான். மத்தியானம் கதவை மூடி வைத்தவளுக்கு. நான் உட்காருகிறேன், மூட்டு சத்தமிடுகிறது. அரசரின் குரல் இப்போது தாழ்ந்திருக்கிறது. இங்கே ஆசீர் இல்லை, மொழிபெயர்ப்பு இல்லை, ஆனால் எந்த இடம் என்று எனக்குத் தெரிகிறது: பசியாக வந்தேன், நீங்கள் தரவில்லை. கோழிகள் கேட்கின்றன, எப்போது வந்தீர், நாங்கள் பார்க்கவே இல்லையே. முற்றத்தில் சிரிப்பு இல்லை. எப்போது என்று வாத்துகளும் கேட்டன. சற்று முன்னால், இதே ராகத்தில், இதே திகைப்போடு. இரண்டு பக்கமும் ஒரே கேள்வி. இரண்டு பக்கத்துக்கும் எதிர்பாராத செய்தி. மனப்பாடமாகத் தெரிந்த அதிகாரத்தில் இது எங்கே இருந்தது? தனக்கு இது தெரியும் என்று ஒருவரும் அங்கே சொல்வதில்லை. பாக் மாதே கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல் இடது கையைப் பின்னால் நீட்டுகிறார். கோமாங்கின் மடியில் இரண்டு கோழிகளின் குச்சிகள் பின்னிக்கொண்டுவிட்டன. அவள் பிரிக்கிறாள், வரவில்லை. நீட்டிய கை காத்திருக்கிறது. என் முழங்காலருகே ஒரு கோழி கிடக்கிறது. எடுத்து அந்தக் கையில் வைக்கிறேன். பிடி சரியாக இல்லை, விரலால் ஒருமுறை திருத்திக்கொண்டு, திரும்பிப் பாராமலே வாங்கிக்கொள்கிறார். அது திரைக்குப் போய்க் கழுத்தைச் சாய்த்து, எப்போது என்று கேட்கிறது. அவள் உடையில் இன்னும் அந்த எண்ணெயின் வாசனை இருக்கிறது. வெளியே கம்பத்தின் ஓரமாக ஆசீர் வந்து நிற்பது தெரிகிறது. கையில் என் கைப்பை, அதற்குள் சீட்டுகள், பிஸ்கட். அவன் முகத்தைப் பார்க்கமாட்டேன். பார்த்தால் நான் சொல்லப்போவது அவனுக்காகச் சொன்னதாகிவிடும். வேண்டாம் என்ற சொல்லை நாக்கின் அடியில் தேடுகிறேன். அந்த இடத்தில் வெறும் எச்சில்தான் இருக்கிறது. "எனக்குப் பசிக்கிறது" என்கிறேன், கோமாங்கைப் பார்த்து, தமிழில், ஒவ்வோர் எழுத்தாக. என் குரலில் அந்த வாக்கியத்தை நான் இதற்கு முன் கேட்டதில்லை. கம்பத்தருகே கைப்பையின் வார் நழுவி எதிலோ இடிக்கும் ஓசை. அவளுக்குப் புரிந்துவிட்டது, கண் ஒருமுறை விரிகிறது. ஆனால் எழவில்லை. மடியில் மீதமிருக்கும் கோழிகளைக் காட்டுகிறாள், தகப்பனின் முதுகைக் காட்டுகிறாள். "இருங்க, அத்தை" என்கிறாள். நான் அடுத்த கோழியை எடுத்து, குச்சி வெளிப்பக்கமாக இருக்கும்படி, கையில் தயாராக வைத்துக்கொள்கிறேன்.